ஜன்னல் கண்ணாடி கெமிக்கல் பட்டு மங்கிப்போனா மறுபடி தெளிவாக்க முடியுமா?

கண்ணாடியில வெள்ளையா திட்டுத்திட்டா ஏதோ இருக்கு, சோப்பு போட்டாச்சு, வினிகர் போட்டாச்சு, விளம்பரத்துல பார்த்த ஸ்ப்ரே எல்லாம் அடிச்சாச்சு, ஈரமா இருக்கறப்ப பளிச்சுன்னு இருக்கு, காஞ்ச உடனே அதே திட்டு அதே இடத்துல வந்து நிக்குது. இந்த "காஞ்சதும் திரும்ப வருது"ங்கற ஒரு விஷயத்தை மட்டும் ஒழுங்கா கவனிச்சா பாதி பதில் அதுலயே கிடைச்சிடும். பெரும்பாலும் அந்த இடத்துல கண்ணாடி மேல எதுவும் ஒட்டிக்கிட்டு இல்ல, கண்ணாடியே கொஞ்சம் காணாம போயிருக்கு. காணாம போனதைத் தேச்சு எடுக்கணும்னு ஆளுங்க மணிக்கணக்கா போராடறாங்க, அதுலதான் பாதி ஜன்னல் இன்னும் மோசமாகுது.

கண்ணாடியை எந்த கெமிக்கலும் ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம எல்லாருக்கும் இருக்கு, லேப்ல ஆசிட்டையே கண்ணாடி பாட்டில்லதானே வைக்கிறாங்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா லேப் பீக்கர் பெரும்பாலும் போரோசிலிக்கேட், ஜன்னல்ல இருக்கறது சோடா-லைம் கண்ணாடி, ரெண்டும் வேற வேற சரக்கு. ஜன்னல் கண்ணாடியில சுமாரா 70-லிருந்து 74 சதவீதம் சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கற அதே பொருள். 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு, ஒரு 10 சதவீதத்துக்குப் பக்கத்துல கால்சியம் ஆக்சைடு, மிச்சம் மெக்னீசியம், அலுமினியம் ஆக்சைடு அப்படின்னு கொஞ்சம் கொஞ்சம். சுத்தமான சிலிக்கா உருகணும்னா 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல போகணும், அவ்வளவு சூட்டுல ஃபேக்டரி நடத்தறது கட்டுப்படியாகாது, அதனால சோடா சேர்த்து உருகற சூட்டைக் கீழ இறக்கறாங்க. சோடாவை மட்டும் சேர்த்தா அந்தக் கண்ணாடி தண்ணியிலயே கரைஞ்சிடும், அதைத் தடுக்க சுண்ணாம்பு சேர்க்கறாங்க. ஆக ஜன்னல் கண்ணாடிங்கறது ஆரம்பத்துலயே ஒரு சமரசம். சீக்கிரம் உருகணும்னு போட்ட அதே சோடியம்தான் பின்னாடி நமக்குத் தலைவலி கொடுக்குது.

அது எப்படின்னா, கண்ணாடி மேல தண்ணி நிக்கறப்ப அதுல இருக்கற ஹைட்ரஜன் அயனி உள்ள போகுது, சோடியம் அயனி வெளிய வருது. வெளிய வந்த சோடியம் தண்ணியில சேர்ந்து அந்தத் தண்ணியைக் கொஞ்சம் காரமாக்குது. மழை வந்து கழுவிட்டுப் போயிட்டா பிரச்சனையே இல்ல, கண்ணாடி மேல சோடியம் குறைஞ்ச, சிலிக்கா மட்டும் நிறைஞ்ச ரொம்ப மெல்லிசான ஒரு படலம் மிஞ்சும், அது கண்ணுக்கே தெரியாது, சொல்லப்போனா அது உள்ள இருக்கற கண்ணாடியைக் கொஞ்சம் காப்பாத்தவும் செய்யுது. அந்தத் தண்ணி போகாம அங்கயே தங்கிட்டா கதை வேற. கொஞ்சம் தண்ணி, அதுல மேல மேல சோடியம் சேருது, தண்ணி எவ்வளவு காரம்னு காட்டற பிஹெச் அளவு 9-ஐ தாண்டுது, அதுக்கு மேல போனா சிலிக்காவோட கட்டமைப்பையே அந்தக் காரத்தண்ணி அறுக்க ஆரம்பிச்சிடுது. முதல் கட்டத்துல சோடியம் மட்டும்தான் வெளியேறுச்சு, இந்த ரெண்டாவது கட்டத்துல கண்ணாடியோட உடம்பே கரையுது, அதுவும் ஒரே சீரா கரையாம அங்கங்க குழி குழியா.

முப்பது வருஷம் மழையில நனைஞ்ச ஜன்னல் நல்லா இருக்கும், ஆனா பிரிக்காம குடோன்ல அடுக்கி வெச்ச புத்தம்புது கண்ணாடி சில வாரத்துலயே கெட்டுப்போகும், அதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஈரம் ஏறிட்டா அது வெளிய போக வழியே கிடையாது, கண்ணாடி ரொம்ப, தண்ணி கொஞ்சம், பிஹெச் மளமளன்னு ஏறிடும். அதனாலதான் தயாரிக்கிற இடத்துலயே நடுவுல பேப்பரோ சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிப்பொடியோ தூவி அனுப்பறாங்க, அந்தப் பொடியோட அடிபிக் ஆசிட் மாதிரி ஒரு மென்மையான ஆசிட்டையும் கலக்கறாங்க, காரம் ஏறினா அது அங்கயே சமாளிச்சிடும்னு. கண்ணாடி வாங்கி வந்து கட்டிடம் முடியற வரைக்கும் திறந்தவெளியில அடுக்கி வெக்கற பழக்கம் இருக்கே, அது பாதுகாப்பா வெச்சிருக்கோம்னு நினைச்சுக்கிட்டு கெடுக்கற வேலை.

சில கண்ணாடியில வெள்ளைத் திட்டுக்குப் பதிலா வானவில் கலர் தெரியும். எண்ணெய்னு நினைச்சுத் துடைப்பாங்க, போகாது. அது அந்த முதல் கட்டத்துப் படலம்தான், கொஞ்சம் தடிச்சுப் போனதால வெளிச்சம் அதோட மேல்பக்கத்துலயும் அடிப்பக்கத்துலயும் பட்டுத் திரும்பி ஒண்ணோட ஒண்ணு மோதி கலர் காட்டுது. மண்ணுக்குள்ள கிடந்து எடுத்த பழைய ரோமானியக் கண்ணாடி பாத்திரங்கள்ல தெரியற பளபள கலரும் இதே வகைதான், அதை மியூசியத்துல வெச்சு ரசிக்கிறோம், நம்ம ஜன்னல்ல வந்தா திட்டறோம். இதுல ஒரு சுவாரசியம், 1886-ல ராலே பிரபுங்கற ஆங்கிலேய இயற்பியலாளர் பழசாகி மங்கின கண்ணாடி புதுக் கண்ணாடியை விட அதிகமா வெளிச்சத்தை விடுதுன்னு கவனிச்சார், லென்ஸ் செய்யற டென்னிஸ் டெய்லரும் 1890கள்ல அதையே பார்த்துட்டு வேணும்னே லென்ஸை கெமிக்கல்ல ஊற வெச்சு மங்க வைக்க முயற்சி பண்ணார். இன்னைக்கு கேமரா லென்ஸ், மூக்குக்கண்ணாடி எல்லாத்துலயும் இருக்கற பிரதிபலிப்பு தடுக்கற கோட்டிங்கோட முன்கதை அது.

சரி, ஜன்னலுக்கு வருவோம். நிஜத்துல கண்ணாடியைக் கெடுக்கறது பெரும்பாலும் மூணு ஆளுங்க.

முதல் ஆள் உப்புத்தண்ணி. தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் தினமும் ஜன்னல் மேல அடிக்குது, வெயில்ல காயுது, மறுநாள் திரும்ப அடிக்குது. காயறப்ப தண்ணி மட்டும்தான் போகுது, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அங்கயே தங்கி கார்பனேட் படிவமா ஆகுது. இது வரைக்கும் பயப்படவே வேண்டாம், வினிகர்லயே கரையும், சல்ஃபாமிக் ஆசிட் மாதிரி சுண்ணாம்புக் கறை எடுக்கற பவுடர்லயும் கரையும். ஆனா அந்தத் தண்ணியில கரைஞ்ச சிலிக்காவும் இருக்கு, அதுவும் காயறப்ப படியுது, கண்ணாடியும் சிலிக்காதானே, ரெண்டும் ஒட்டிக்கிட்டா வினிகருக்கும் மசியாது, சல்ஃபாமிக் ஆசிட்டுக்கும் மசியாது. இது போதாதுன்னு அந்தப் படிவம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கறதால அதுக்கு அடியில மேல சொன்ன அரிப்பு தனியா நடக்கும். மாசக்கணக்குல விட்டுட்டுப் படிவத்தை எடுத்தா அடியில அதே உருவத்துல அரிப்பு தெரியறது அதனாலதான்.

ரெண்டாவது சிமெண்ட். புது கான்கிரீட்ல பட்டு வழியற மழைத்தண்ணி கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைச்சு எடுத்துட்டு வரும், பிஹெச் 12-க்கு மேல. ஜன்னலுக்கு மேல இருக்கற சன்ஷேட்ல தண்ணி சொட்டற விளிம்பு சரியா இல்லைன்னா அது நேரா கண்ணாடியில கோடு கோடா இறங்கும். பூச்சு வேலையில தெறிச்ச சிமெண்ட் இன்னும் மோசம், அது இறுகறப்பவே கண்ணாடியைப் பிடிச்சுக்குது. அன்னைக்கே நிறைய தண்ணி ஊத்திக் கழுவினா ஒண்ணும் ஆகாது. ஒரு வாரம் கழிச்சு பிளேடை எடுத்துக் காஞ்ச சிமெண்டைச் சுரண்டினா அதுல இருக்கற மணல் துகள் இழுபட்டுக் கீறல் போடும், அரிப்போட கீறலும் சேர்ந்துக்கும்.

மூணாவது ஃப்ளோரைடு, இதுதான் உண்மையான வில்லன். 1771-ல ஷீலேங்கற வேதியியலாளர் ஆராய்ஞ்சு எழுதின ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், மத்த சாதாரண ஆசிட்டுங்க செய்யாததைச் செய்யும், சிலிக்காவையே நேரடியாப் பிரிச்சுக் கரைச்சிடும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டா கண்ணாடி மேற்பரப்புக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, அலுமினியம் ஃப்ரேமும் கோட்டிங்கும்தான் போகும். ஹைட்ரோஃப்ளோரிக் பட்டா சில நிமிஷத்துல கண்ணாடி பால் கலருக்குப் போயிடும். இது நம்ம பக்கத்துல எங்க வரப்போகுதுன்னு தோணும். செங்கல், கல் சுவர் கழுவற சில லிக்விட்ல, அலாய் வீல் பளபளப்பாக்கற சில லிக்விட்ல, துருக்கறை எடுக்கறதுல, இதுவோ இதோட சொந்தக்காரன் அமோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். சுவரைக் கழுவறவங்க ஜன்னலை மூடி வைக்காம அடிச்சா சாரல் காத்துல வந்து கண்ணாடியில உக்காரும், சொட்டு சொட்டா புள்ளி விழும், வழிஞ்ச இடத்துல தாரை தாரையா இருக்கும். கண்ணாடியில டிசைன் போட விக்கற எட்சிங் க்ரீமும் பெரும்பாலும் இதுதான், அதை வெச்சு ஜன்னல்ல கிறுக்கிட்டுப் போறவங்களும் இருக்காங்க. அலுமினியம் உருக்கற ஆலை, பாஸ்பேட் உர ஆலை, ஓடு செங்கல் சுடற சூளை, இங்கருந்து வர்ற ஃப்ளோரைடு வாயு பல வருஷத்துல சுத்துவட்டார ஜன்னலை மங்க வெக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை. "கண்ணாடி ரெஸ்டோரர்"னு பேர் போட்ட சில லிக்விட்லயும் கொஞ்சமா ஃப்ளோரைடு இருக்கு, அது எப்படி வேலை செய்யுதுன்னா எல்லா இடத்தையும் லேசா அரிச்சு சிலிக்கா படிவத்தை அடியோட கழட்டுது. கை தேர்ந்தவங்க சில நொடி வெச்சு உடனே கழுவுவாங்க. தெரியாதவங்க கையில அது இன்னொரு அரிப்பு. கண்ணாடியை விடுங்க, ஆளுக்கே ஆபத்து. கம்மி செறிவுல இருக்கற ஹைட்ரோஃப்ளோரிக் தோல்ல பட்டா உடனே எரியாது, வலி பல மணி நேரம் கழிச்சுக்கூட ஆரம்பிக்கும், அதுக்குள்ள அது ஊடுருவி உள்ள இருக்கற கால்சியத்தைப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கும், அளவு அதிகமானா ரத்தத்துல கால்சியம் குறைஞ்சு இதயத் துடிப்பே தடுமாறும். பட்டா உடனே தண்ணியில கழுவணும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவணும், வலி இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட போகணும், என்ன லிக்விட்னு சொல்லணும். லேபிள்ல ஃப்ளோரைடுனு எந்த ரூபத்துல இருந்தாலும் வீட்டு வேலைக்கு அதை எடுக்கவே வேண்டாம்ங்கறது என் கருத்து.

இப்ப உங்க ஜன்னல்ல இருக்கறது படிவமா அரிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. தண்ணி தெளிச்சுப் பாருங்க. முழுசா மறைஞ்சுட்டா பெரும்பாலும் அரிப்பு, ஏன்னா தண்ணி அந்தக் குழிகளை ரொப்பிடுது, காத்தோட ஒளிவிலகல் எண் 1, கண்ணாடிக்கு 1.52, தண்ணிக்கு 1.33, நடுவுல தண்ணி வந்து நிக்கறதால வெளிச்சம் சிதறறது குறையுது. தடியான படிவம் ஈரத்துலயும் மங்கலாத் தெரியும். அடுத்து வினிகர்ல நனைச்ச பேப்பரை ஒரு ஓரத்துல ஒட்டி கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, நுரைச்சாலோ மெலிஞ்சாலோ கார்பனேட். ஒண்ணும் ஆகலன்னா சிலிக்கா படிவமோ அரிப்போ, நகத்தை மெதுவா குறுக்க இழுத்தா திட்டோட விளிம்புல மேடு தட்டுதா பள்ளம் தட்டுதான்னு தெரியும். எதுவுமே தட்டாம மங்கலா மட்டும் இருந்தா அரிப்பு ஆழம் கம்மி, அது நல்ல செய்தி.

நகத்துக்குத் தெரியாத ஆழம் கண்ணுக்கு எப்படி இவ்வளவு அசிங்கமாத் தெரியுதுன்னு கேக்கலாம். நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் சுமார் 0.4-லிருந்து 0.7 மைக்ரான், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மேற்பரப்புல இருக்கற மேடுபள்ளம் அந்த அளவுக்குப் பக்கத்துல வந்துட்டாலே வெளிச்சம் நேரா போகாம சிதற ஆரம்பிச்சிடும். அதனால கண்ணாடியோட கனத்துல கணக்குலயே வராத ஒரு சேதம் பார்வையைக் கெடுத்துடுது.

ரோட்டுல குழி விழுந்தா தார் ஊத்தி ரொப்பலாம், கண்ணாடியில விழுந்த குழியை ஏன் ரொப்பக்கூடாது? கண்ணாடியையே ஊத்தி ரொப்பணும்னா அதை உருக்கற சூட்டுக்குக் கொண்டு போகணும், ஜன்னல்ல இருக்கறப்ப அது நடக்கற காரியம் இல்ல. கார் முன்கண்ணாடியில கல்லடிச்ச குழியை ரெசின் விட்டு சரி பண்றாங்களேன்னா, அங்க ரெசின் ஒரு சின்ன விரிசலுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, இங்க லட்சக்கணக்கான நுண்ணிய குழி திறந்த மேற்பரப்புல இருக்கு, ரெசினை அதுல ஒரே சீரா பரப்பினாலும் வெயில்ல மஞ்சளாகும், உரியும். எண்ணெய், சிலிகான் தடவினா அற்புதமா மறையும், தண்ணி தெளிச்சப்ப மறைஞ்ச அதே காரணத்தால. பல "அதிசய" லிக்விட்டோட டெமோ வீடியோ இந்த இடத்துலயே நிறுத்தப்படுது. ரெண்டு மழை கழிச்சு எடுத்த வீடியோ யாரும் போடறதில்ல.

ரொப்ப முடியாதுன்னா மிச்சம் ஒரே வழிதான், குழியோட அடி எவ்வளவு ஆழத்துல இருக்கோ அந்த அளவுக்கு சுத்தி இருக்கற நல்ல கண்ணாடியையும் இறக்கணும். பாலிஷ்னு சொல்றது மொத்தமும் இதுதான். மைக்ரான் கணக்குல நல்ல கண்ணாடியைத் தியாகம் பண்ணித்தான் தெளிவை வாங்கறோம்.

இதுக்கு உலகம் பூரா நம்பறது செரியம் ஆக்சைடு, வெளிர் மஞ்சள்லயோ இளஞ்சிவப்பு கலந்த பழுப்புலயோ வர்ற ரொம்ப நைசான பொடி. முன்னாடி காலத்துல இரும்பு ஆக்சைடு, அந்த சிவப்புப் பொடிதான் இந்த வேலை பண்ணுச்சு, கையெல்லாம் துணியெல்லாம் சிவப்பாகும், வேலையும் மெதுவா நடக்கும். செரியம் ஆக்சைடு கண்ணாடியைக் கீறித்தான் எடுக்குதுன்னு பலரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. கடினத்துல அது கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட சமம்தான். தண்ணி கண்ணாடியோட மேல்தோலை லேசா இளக்கும், செரியம் துகள் அந்த சிலிக்காவோட தற்காலிகமா கெமிக்கலா பிணைஞ்சுக்கும், பேட் நகர்றப்ப அதைப் பிச்சு எடுத்துட்டுப் போகும். பாதி கெமிஸ்ட்ரி, பாதி உழைப்பு. தண்ணி இல்லாம காஞ்ச பொடியிலயோ எண்ணெய்ல குழைச்சோ தேச்சா வேலை நடக்காது, இதுக்கும் அதே காரணம்தான். ஜன்னலைக் கெடுத்த அதே தண்ணி வேலையை இங்க நாம கட்டுப்பாட்டோட பயன்படுத்திக்கிறோம்.

வேலை நடக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்தா பெரிய மாயம் ஒண்ணும் இல்ல, பொறுமைதான் தேவைப்படுது. சுத்தி ஃப்ரேம், ரப்பர் பீடிங் எல்லாத்துக்கும் டேப் ஒட்டி, கீழ பிளாஸ்டிக் ஷீட் கட்டி, கண்ணாடியை முதல்ல நல்லா கழுவணும், ஒரே ஒரு மணல் துகள் பேடுக்கு அடியில மாட்டினா வட்ட வட்டமா கீறல் விழும். பொடியைத் தண்ணியில கலக்கி வழியற பதத்துல வெச்சுக்கிட்டு, ஸ்பீடு குறைக்க முடியற மெஷின்ல ஃபெல்ட் பேட் மாட்டி, பேட் முழுசா படியற மாதிரி வெச்சு, நிறுத்தாம மேலயும் கீழயும் குறுக்கயும் ஓட்டிக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நேரத்துல கலவை காய ஆரம்பிக்கும், பேட் கண்ணாடியைப் பிடிச்சு இழுக்கற மாதிரி கையில ஒரு கனம் தெரியும், அந்த நேரத்துலதான் பாலிஷ் நல்லா ஏறும், ஆனா சூடும் அப்பதான் ஏறும். அடிக்கடி புறங்கையை வெச்சுப் பார்க்கணும், தொட்டா சுடுதுன்னா நிறுத்தணும். சாதாரண கண்ணாடியில ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விட வாய்ப்பு இருக்கு, அதுவும் ஓரம் ஃப்ரேமுக்குள்ள குளிர்ச்சியா இருக்கறப்ப நடுவுல சூடேத்தினா. நேர் வெயில் அடிக்கற நேரத்துல இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

லேசான மங்கலுக்கு இதுவே போதும். ஃப்ளோரைடு ஆழமா சாப்பிட்ட இடத்துல செரியத்தை மட்டும் வெச்சுத் தேச்சா நாள் பூரா ஆகும், அதனால முதல்ல சிலிக்கன் கார்பைடு டிஸ்க் போட்டுக் கண்ணாடியைச் சாணை பிடிக்கிற மாதிரி இறக்குவாங்க, அப்புறம் அதை விட நைசு, அதை விட நைசுன்னு போயி கடைசியில செரியம். இதுல ஒவ்வொரு டிஸ்க்கும் முந்தின டிஸ்க் போட்ட கீறலை முழுசா எடுத்தாகணும், அந்தக் கீறலுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம நுண்விரிசலும் இருக்கும். அவசரத்துல ஒரு கட்டத்தைத் தாண்டிட்டா செரியம் போட்டப்ப பளிச்சுன்னுதான் இருக்கும், சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப உள்ள இருந்து மெல்லிசா ஒரு புகைமூட்டம் தெரியும். நான் பார்த்த வரைக்கும் பாலிஷ் போட்டும் திருப்தி இல்லைங்கற புகார்ல பாதிக்கு மேல இந்தக் கதைதான்.

மீதி புகார் எல்லாம் பார்வை வளையறதைப் பத்தி. ஒரு திட்டை மட்டும் குறிவெச்சுத் தேச்சா அங்க ஒரு சின்னக் குழிவு உண்டாகும், குழிவான கண்ணாடிக்குப் பேரு லென்ஸ். கணக்கு போட்டே பார்க்கலாம். 2 சென்டிமீட்டர் அகலத்துல 20 மைக்ரான் ஆழத்துக்குக் குழிச்சா, அது கிட்டத்தட்ட 5 மீட்டர் குவியத்தூரம் உள்ள குழிலென்ஸ், வெளிய தெரியற மரம், கட்டிடம் எல்லாம் அந்த இடத்துல நெளியும். அதே 20 மைக்ரானை 20 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பி இறக்கினா குவியத்தூரம் நூறு மடங்காகி 500 மீட்டர் பக்கம் போயிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எடுத்த ஆழம் அதே ஆழம்தான், பரப்புதான் வித்தியாசம். அதனால சின்னப் புள்ளிக்குக்கூட பெரிய இடத்தைத் தேய்க்கணும், புள்ளி ஆழமா இருந்தா அவ்வளவு இடத்தையும் அந்த ஆழத்துக்கு இறக்கணும், வேலை எப்படி பெருகுதுன்னு புரியும்.

டஃபன்ட் கிளாஸை, அதாவது சூடாக்கி சட்டுனு குளிர வெச்சு பலப்படுத்தின கண்ணாடியை, தேச்சா வெடிச்சிடுமான்னு பயப்படறவங்க நிறைய. அந்தக் கண்ணாடியோட ரெண்டு மேற்பரப்பும் அழுத்தத்துல இருக்கும், நடுப்பகுதி இழுவிசையில இருக்கும், அழுத்தப் பகுதி ஒவ்வொரு பக்கமும் கனத்துல சுமார் ஐஞ்சுல ஒரு பங்கு. 6 மில்லிமீட்டர் கண்ணாடின்னா ஒரு பக்கத்துக்கு 1.2 மில்லிமீட்டர், அதாவது 1200 மைக்ரான். அதுல 30, 40 மைக்ரானை எடுத்தா பெரிசா ஒண்ணும் குறையாது, சொல்லப்போனா சூட்டைத் தாங்கறதுல அது சாதாரண கண்ணாடியை விட எவ்வளவோ மேல். ஓரத்தையும் மூலையையும் மட்டும் மெஷினால தொடாதீங்க. இன்னொண்ணு, டஃபன்ட் கண்ணாடியில சூடாக்கறப்ப அடியில ரோலர் பட்ட பக்கத்துல சில சமயம் கண்ணாடித் தூள் உருகி ஒட்டியிருக்கும், பிளேடு போட்டு சுரண்டினா அந்தத் தூள் பேத்துக்கிட்டு வந்து கண்ணாடி முழுக்க கோடு போடும், அதனால டஃபன்ட்ல பிளேடை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

கோட்டிங் உள்ள கண்ணாடிதான் பாலிஷுக்குக் கட்டுப்படாதது. ரெண்டு கண்ணாடியை நடுவுல இடைவெளி விட்டு சீல் பண்ணின டபுள் கிளேசிங்ல வெளிய இருந்து உள்ள 1, 2, 3, 4-ன்னு மேற்பரப்புக்கு நம்பர் சொல்வாங்க, சூடு கடத்தறதைக் குறைக்கற, வெள்ளி சேர்ந்த லோ-ஈ கோட்டிங் பெரும்பாலும் 2-லயோ 3-லயோ, அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பத்திரமா இருக்கும், அங்க நம்ம கை போகாது, 1-ஆம் மேற்பரப்பைத் தேய்க்கறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா 1-லயே கடினமான பிரதிபலிப்பு கோட்டிங் போட்ட கண்ணாடி உண்டு, தானே சுத்தமாகற டைட்டானியம் டையாக்சைடு கோட்டிங்கும் உண்டு, அதோட கனமே சில பத்து நானோமீட்டருக்குள்ள, செரியம் பேட் நாலு சுத்து சுத்தினாலே அது போயிடும், அந்த இடம் தனியா வேற நிறத்துல தெரியும். கோட்டிங் இருக்கான்னு சந்தேகமா இருந்தா இருட்டுல ஒரு சின்ன சுடரையோ டார்ச்சையோ கண்ணாடிக்குப் பக்கத்துல பிடிச்சு அதோட பிரதிபலிப்பை எண்ணுங்க, ஒவ்வொரு மேற்பரப்புக்கும் ஒண்ணு தெரியும், எது மத்ததை விட வேற கலரா இருக்கோ அங்கதான் கோட்டிங். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஈரமோ வெள்ளைப் பூச்சோ வந்துட்டா அது சீல் போனதோட விளைவு, பாலிஷ் பேச்சே கிடையாது, அந்த யூனிட்டையே மாத்தணும்.

பழைய தேவாலயங்கள்ல இருக்கற வண்ணக் கண்ணாடி இந்தக் கணக்குலயே வராது. ஐரோப்பாவோட இடைக்கால ஜன்னல்கள்ல சோடாவுக்குப் பதிலா மரச்சாம்பல்ல எடுத்த பொட்டாஷ் இருக்கும், அது தண்ணிக்கு இன்னும் சீக்கிரம் இளகும், மேல ஜிப்சம் பொருக்கு கட்டி அடியில குழி விழுந்திருக்கும். அங்க யாரும் பாலிஷ் மெஷினை எடுத்துட்டுப் போக மாட்டாங்க, மேல தீட்டின ஓவியமே போயிடும். இங்கிலாந்துல யார்க் மின்ஸ்டர்ங்கற பழைய தேவாலயத்துல 1400கள்ல செஞ்ச பெரிய கிழக்கு ஜன்னலைப் பல வருஷம் சீர் பண்ணி 2018-ல முடிச்சப்ப, பழைய கண்ணாடிக்கு வெளிய இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் மாட்டினாங்க, மழையும் ஈரமும் இனிமே அதைத் தொடாத மாதிரி.

சாதாரண வீட்டு ஜன்னல்ல சின்னக் கண்ணாடின்னா நான் மாத்திடுங்கன்னுதான் சொல்லுவேன், பாலிஷுக்கு ஆகற நேரத்துல புதுசு வெட்டி மாட்டிடலாம். பெரிய ஷோரூம் கண்ணாடி, உயரமான மாடியில கிரேன் வெச்சு மாத்த வேண்டியது, அதே டின்ட் இப்ப கிடைக்காதது, சுத்தி இருக்கற வேலைப்பாட்டை உடைச்சாத்தான் கழட்ட முடியும்ங்கறது, இங்கெல்லாம் பாலிஷுக்கு அர்த்தம் இருக்கு. எதைச் செஞ்சாலும் முதல்ல காரணத்தை நிறுத்தணும். ஸ்பிரிங்க்ளரைத் திருப்பாம, சன்ஷேட் விளிம்பை சரி பண்ணாம பாலிஷ் போட்டா அதே திட்டு திரும்ப வரும். பாலிஷ் முடிஞ்சதும் மேல அடிக்கற தண்ணி ஒட்டாத கோட்டிங் உபயோகமானதுதான், ஆனா அது தேஞ்சு போகற சரக்கு, அப்பப்ப திரும்பப் போடணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்னு யாராவது சொன்னா அதை அப்படியே நம்பாதீங்க.

ஆள் வெச்சு வேலை செய்யறதா இருந்தா எல்லா கண்ணாடிக்கும் ஒத்துக்கறதுக்கு முன்னாடி ரொம்ப கெட்டுப்போன ஒண்ணை மட்டும் மாதிரிக்குச் செய்யச் சொல்லுங்க. அதை ஈரமா இருக்கறப்ப பார்த்து தலையாட்டாதீங்க. நல்லா கழுவி, முழுசா காய விட்டு, முடிஞ்சா ஸ்பிரிட்ல ஒரு தடவை துடைச்சு எண்ணெய்ப்பசை எதுவும் மிச்சம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, வெயில் சாய்வா விழற நேரத்துல உள்ள இருந்து பாருங்க, புகைமூட்டம் இருந்தா தெரிஞ்சிடும். அப்புறம் சில மீட்டர் தள்ளி நின்னு, வெளிய தூரத்துல தெரியற ஏதாவது ஒரு நேர்கோட்டை, கட்டிட விளிம்போ கம்பமோ, கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே தலையை மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துங்க. கோடு நேராவே இருந்தா மிச்சத்தையும் செய்யச் சொல்லலாம், நெளிஞ்சா அந்த ஒரு கண்ணாடிக்கான கூலியைக் கொடுத்துட்டு புதுக் கண்ணாடிக்கு அளவு எடுக்கச் சொல்லிடுங்க.